போக்கரைத் தொழிலாகப் பார்த்தால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

குலசேகரத்தில் அப்பாவின் ரப்பர் ஷீட் கடையில் கணக்கு பார்க்கிறேன். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுவிட்டால் கடைக்கு வரத்து இருக்காது. 2025 தொடக்கத்தில் நான்கு மாதம் ஆன்லைனில் பணம் வைத்து போக்கர் சீட்டாட்டம் ஆடினேன். 5/10 ரூபாய் மேசை (ஒவ்வொரு கையிலும் இருவர் முதலில் போட வேண்டிய கட்டாயப் பந்தயம் 5, 10 ரூபாய்), ஆறு பேர் ஆட்டம், ஒரே நேரத்தில் நான்கு மேசை. சீட்டைப் பங்கிட்டு ஆடி முடிப்பது ஒரு கை; மொத்தம் 40,000 கை. லாபம் 24,000 ரூபாய், அதாவது நூறு கைக்கு ஆறு பிக் பிளைண்ட் (கட்டாயப் பந்தயத்தில் பெரியது, இங்கே 10 ரூபாய்). இங்குள்ள தளங்கள் நின்றுவிட்டன. விபிஎன் (இருக்கும் இடத்தை மறைக்கும் இணைய வழி) போட்டு, கிரிப்டோவில் பணம் கட்டி வெளிநாட்டுத் தளத்தில் ஆடலாம் என்கிறான் நண்பன். வீட்டு நகையை அடகு வைத்து மூன்று லட்சம் எடுத்து, 25/50 மேசையில் மாதம் 120 மணி நேரம் ஆடினால் ஒரு லட்சத்துக்கு மேல் வரும். வீட்டுக்கு 25,000 போதும். முதல், வரவு, செலவு எல்லாம் எழுதி ஒரு தொழிலாகவே செய்யப் பார்க்கிறேன். போக்கர் திறமை ஆட்டம் என்று உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறதே. உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், குலசேகரம்

அன்புள்ள தம்பி,

கை எண்ணிக்கையோடு கணக்கு அனுப்பியிருக்கிறீர்கள். போக்கர் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் இதைக்கூடச் செய்வதில்லை. அதனால் பேரேட்டை வைத்துக்கொண்டே பேசலாம்.

முதலில் அந்த ‘நூறு கைக்கு ஆறு’. ஆறு பேர் ஆடும் நோ-லிமிட் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத) ஆட்டத்தில் வரவு ஏறி இறங்கும் அளவு, புள்ளியியலில் திட்ட விலகல் என்பார்களே அது, நூறு கைக்கு 80 முதல் 100 பிக் பிளைண்ட் இருக்கும். 90 என்று வையுங்கள். 40,000 கை என்றால் 400 நூறுகள். 400-இன் வர்க்கமூலம் 20. 90-ஐ 20-ஆல் வகுத்தால் நாலரை. அதன் இரு மடங்கை, அதாவது ஒன்பதை, ஆறுக்கு இரு பக்கமும் விட வேண்டும். உங்கள் உண்மையான விகிதம் ஆறாக இருக்கலாம், பதினைந்தாகவும் இருக்கலாம், நூறு கைக்கு மூன்று தோற்கிறவராகவும் நீங்கள் இருக்கலாம். இந்த நான்கு மாதம் அதைப் பிரித்துச் சொல்லாது. நாலரையை ஒன்றரையாகக் குறைக்க 3,60,000 கை ஆட வேண்டும். ஒரே ஒரு லோடு ஷீட் நல்ல விலைக்குப் போனதை வைத்து அப்பா இரண்டாவது கடை திறக்க மாட்டார் இல்லையா?

அதோடு, 5/10 மேசையில் கிடைத்த விகிதம் 25/50-க்குக் கூடவே வராது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் வேறு ஆட்கள். பெரிய மேசைக்குப் போகிறவர் தன் விகிதத்தைக் குறைத்துத்தான் எழுத வேண்டும். நூறு கைக்கு இரண்டு என்று எழுதுவோம். அதுவே நல்ல ஆட்டக்காரரின் அளவுதான்.

இனி மாதக் கணக்கு. நான்கு மேசையில் மணிக்கு சுமார் 300 கை, 120 மணிக்கு 36,000 கை. நூற்றுக்கு இரண்டு என்றால் 720 பிக் பிளைண்ட், 36,000 ரூபாய். ஆன்லைன் ஆட்டத்தின் நிகர வரவுக்கு 2023 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. நான்கு சதவீத செஸ்ஸும் சேர்ந்தால் 31.2. அதுவே 11,232 ரூபாய். மடிக்கணினி, இணையச் செலவு எதையும் இதில் கழிக்க முடியாது. ஆண்டு முடிவில் நஷ்டம் நின்றால் அதை அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. கடை நஷ்டத்தைக் கொண்டுபோகிறீர்களே, அந்த வசதி இங்கே இல்லை. அடகுக்கு மாதம் ஒரு வட்டி என்றாலும் 3,000. வீட்டுக்கு 25,000. மொத்தம் 39,232, பிக் பிளைண்ட் கணக்கில் 785. உள்ளே வருவது 720, வெளியே போவது 785. எதுவுமே தவறாக நடக்காத சராசரி மாதத்தில்கூட முதல் கரைகிறது.

எல்லா மாதமும் சராசரியாகவும் இருக்காது. 36,000 கையில் விலகல் சுமார் 1,700 பிக் பிளைண்ட், 85,000 ரூபாய். நூற்றுக்கு இரண்டு ஜெயிக்கிறவருக்கும் மூன்றில் ஒரு மாதம் நஷ்டத்தில்தான் முடியும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மூன்று லட்சம் என்பது 60 பை-இன் (ஒரு மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை, 100 பிக் பிளைண்ட்), 6,000 பிக் பிளைண்ட். வரவிலிருந்து பைசா எடுக்காமல் இருந்தால், நூற்றுக்கு இரண்டு ஜெயிக்கிறவர் முழுதாக மூழ்கும் வாய்ப்பு நூற்றில் ஐந்துதான். தாங்கலாம். ஆனால் வீட்டுச் செலவும் வட்டியும் வரியும் அதே முதலிலிருந்து போகும்போது நடைமுறை விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. அப்போது மூழ்குவது உறுதி, எந்த மாதம் என்பதுதான் தெரியாது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆறு மாதம், ஓராண்டு வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, ஆட்ட முதலைத் தொடாமல் வைப்பது இதனால்தான். கடன் வாங்கிய முதலில் அந்தப் பிரிவினைக்கே இடமில்லை. வட்டித் தேதி நெருங்கும்போது மடக்க வேண்டிய, அதாவது விட்டுவிட வேண்டிய கையை மடக்க மனம் வராது. இழந்ததைப் பிடிக்க மேசையை இன்னும் பெரிதாக்கத் தோன்றும்.

சட்டம். நீங்கள் சொல்லும் தீர்ப்பு 2023 நவம்பரில் வந்தது. தமிழ்நாட்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாக அட்டவணையில் சேர்த்திருந்ததை சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. அது மாநிலச் சட்டத்தைப் பற்றிய பேச்சு. 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்ப்பதில்லை. பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் ஆட்டம் என்றாலே தடை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். பணப் பரிமாற்றத்துக்கு உதவுவதும் குற்றம். ஆடுகிறவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை என்று நண்பர் சொன்னால், அது சரிதான். ஆனால் ஒரு வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி வேறு: என் சரக்கு யார் கிடங்கில் இருக்கிறது? விபிஎன்னில் நுழைவதே பல தளங்களின் விதிக்கு எதிரானது. பெரிய தொகையை எடுக்கப் போகும்போதுதான் அடையாளச் சரிபார்ப்பு வரும், அப்போது கணக்கை மூடிவிட்டால் முறையிட இங்கே இடமில்லை. கிரிப்டோவை முகம் தெரியாதவரிடம் விற்று ரூபாயாக்கும்போது அந்தப் பணம் யாரோ மோசடியில் இழந்ததாக இருந்தால், சைபர் குற்றப் புகாரில் உங்கள் வங்கிக் கணக்கு முடங்கும். அது கடைக்கும் சேர்த்து ஓடுகிற கணக்கு என்றால் ஷீட் கொண்டுவரும் விவசாயிக்குக் கொடுக்கவும் பணம் இருக்காது.

ஆகவே வேண்டாம் தம்பி. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

ஆனால் நீங்கள் கற்றுக்கொண்டது வீணில்லை. ஷீட்டை எத்தனை நாள் இருப்பு வைக்கிறீர்கள், அந்த நாட்களில் கிலோ விலை எவ்வளவு ஏறி இறங்குகிறது, இருப்பில் கடன் முதல் எவ்வளவு என்று கடந்த ஓராண்டுப் பேரேட்டிலிருந்து எடுங்கள். மேலே போட்ட விலகல் கணக்கின் யோசனை அங்கேயும் உதவும். மழை மாதங்களைத் தாண்ட எவ்வளவு பணத்தைத் தனியே ஒதுக்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரியும். எண்களை அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்