பீட்டி பக்கம் பேசின பையனோட போஸ்டை எடுத்துடலாமா?

கேள்வி: கோடை வகுப்புல பதினோராம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு ஆன்லைன்ல இங்கிலீஷ் இலக்கியம் எடுக்கறேன். இந்தத் தடவை ரே பிராட்பரியோட 'ஃபாரன்ஹீட் 451', புத்தகம் வெச்சிருக்கறதே குத்தம்னு ஃபயர் சர்வீஸ்காரங்களே வந்து எரிக்கற ஒரு உலகத்தைப் பத்தின நாவல், ரெண்டாவது பகுதிக்கு வந்திருக்கோம். வாரம் ஒரு போஸ்ட், மத்தவங்க போஸ்டுக்கு ரெண்டு ரிப்ளை, கட்டாயம் எழுதணும், மார்க் உண்டு. முக்காவாசிப் பேர் 'புத்தகம் ரொம்ப முக்கியம், எரிக்கறது தப்பு'ன்னு ஒரே மாதிரி எழுதறாங்க, ரிப்ளைல 'சூப்பரா சொன்ன'ன்னு முடிச்சுக்கறாங்க. சிலது எங்கிருந்தோ எடுத்த சம்மரின்னு பார்த்தாலே தெரியுது. ஒரே ஒரு பையன் மட்டும், எரிக்கறவங்களுக்குத் தலைவனா வர்ற பீட்டியைப் பத்தி, 'கேப்டன் பீட்டி சொல்றதுல நியாயம் இருக்கு, மனுஷனை வேதனைப்படுத்தற புத்தகம் எதுக்கு'ன்னு எழுதிட்டான். அவ்வளவுதான், ஆளாளுக்கு அவன் மேல பாஞ்சுட்டாங்க. ஒரு பொண்ணு 'உனக்கெல்லாம் புக்கே புரியாது'ன்னு போட்டுட்டா. அதுக்கப்புறம் அவன் ஒரு வரி எழுதல. இதுக்கு நடுவுல ஒரு அப்பா போன் பண்ணி, அந்தப் பையனோட போஸ்டை எடுத்துடுங்கன்னு சொல்றார். எடுத்துடலாமா? மத்த பிள்ளைங்களை உண்மையா பேச வைக்கறது எப்படி?
- பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: எடுக்காதீங்க டீச்சர். புத்தகத்தை எரிக்கற கதையைப் படிக்கற வகுப்புல ஒரு பையன் எழுதினதை அழிக்கறது எவ்வளவு தப்பான பாடம்னு உங்களுக்கே தெரியும், அதனாலதான் எனக்கு எழுதியிருக்கீங்க. ஆனா நான் வேண்டாம்னு சொல்றதுக்கு அதை விட பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. உங்க கடிதத்தைப் படிச்ச வரைக்கும், அந்த வகுப்புல நாவல் உண்மையா உள்ள போய் உறுத்தியிருக்கறது அவனுக்குத்தான்.

முதல் பகுதியோட கடைசியில வர்ற அந்த இடத்தை எடுத்து இன்னொரு தடவை படிங்க. முதல் நாள் ராத்திரி ஒரு அம்மா தன் புத்தகங்களோடவே எரிஞ்சு போனதைப் பார்த்துட்டு வந்த மான்டாக், பீட்டிக்குக் கீழ எரிக்கற வேலை பார்க்கற கதாநாயகன், மறுநாள் உடம்பு சரியில்லைன்னு வேலைக்குப் போகாம படுத்திருக்கான். பீட்டி வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, நிதானமா பைப்பைப் பத்தவெச்சுக்கிட்டு, இந்த உலகம் எப்படி இப்படி ஆச்சுன்னு சொல்ல ஆரம்பிக்கறான். அவன் பேசிட்டு இருக்கும்போதே மான்டாக்கோட மனைவி மில்ட்ரெட் புருஷனோட தலையணையைச் சரி பண்றேன்னு கையை விடறா, ஒளிச்சு வெச்ச புத்தகம் அவ கையில தட்டுப்படுது, இது என்னன்னு கேக்கறா, மான்டாக் அவளைப் போய் உட்காருன்னு கத்தறான், பீட்டி ஒண்ணுமே நடக்காத மாதிரி பேசிட்டே போறான். பிராட்பரி பீட்டிக்குக் குடுத்திருக்கற வாதம் நோஞ்சான் வாதம் இல்ல. அரசாங்கம் மேல இருந்து சட்டம் போட்டு இது ஆரம்பிக்கல, ஜனங்களே வேகம் வேணும், சுருக்கம் வேணும், யார் மனசும் நோகக்கூடாதுன்னு ஒவ்வொண்ணா விட்டுக்குடுத்தாங்க, நாங்க கடைசியிலதான் வந்தோம்னு சொல்றான். அதுக்கு முன்னாடி படி படியா ஒரு கணக்கும் சொல்றான். பெரிய நூல்கள் முதல்ல 15 நிமிஷ ரேடியோ நிகழ்ச்சியா சுருங்கிச்சு, அப்புறம் 2 நிமிஷத்துல படிக்கற பத்தி ஆச்சு, கடைசியில அகராதியில 10, 12 வரின்னு முடிஞ்சுது.

சம்மரியைப் பார்த்து போஸ்ட் போட்ட உங்க பிள்ளைங்க இந்தப் பேச்சுக்குள்ளயே இருக்காங்க பாருங்க. அவங்களைக் கண்டுபிடிச்சுத் தண்டிக்கறதுல உங்க நேரத்தைச் செலவு பண்ணாதீங்க, பீட்டி சொல்ற அந்த 15 நிமிஷம், 2 நிமிஷம், 12 வரி இருக்கற பத்தியை அப்படியே முன்னாடி வெச்சு, 'இந்த நாவலையே 12 வரியாக்கினா முதல்ல காணாமப் போறது எது, உங்களுக்குப் பிடிச்ச ஒரு இடத்தை வெச்சு சொல்லுங்க'ன்னு கேளுங்க. இதுக்கு சம்மரியில பதில் கிடைக்காது, சம்மரி விட்டுட்ட இடத்தைத்தானே நாம கேக்கறோம்.

இப்ப அந்தப் பையன் விஷயம். 'வேதனைப்படுத்தற புத்தகம் எதுக்கு'ன்னு அவன் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்ல, நாவலே ரெண்டாவது பகுதியில அதைக் கேக்குது. மில்ட்ரெட்டோட சிநேகிதிங்க வீட்டுக்கு வர்றாங்க. அதுல மிஸஸ் ஃபெல்ப்ஸோட புருஷன் போருக்குப் போயிருக்கான், யார் செத்தாலும் அழக்கூடாது, வேற கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டே இருக்கணும்னு அவங்களுக்குள்ள பேசி வெச்சிருக்கறதை எவ்வளவு சாதாரணமா சொல்றா. கொஞ்ச நேரத்துல மான்டாக் மேத்யூ ஆர்னால்டோட 'டோவர் பீச்' கவிதையை எடுத்துப் படிக்கறான், அதே ஃபெல்ப்ஸ் அடக்க முடியாம அழறா. ஏன் அழறோம்னு அவளுக்கே தெரியல. பக்கத்துல இருக்கற மிஸஸ் பவுல்ஸ், கவிதைன்னாலே அழுகையும் நோவும்தான்னு மான்டாக்கைப் பிடிச்சு திட்டறா. அந்த ஒரு நிமிஷத்துல பவுல்ஸ் சொல்றது உண்மைதானே, நல்லா இருந்த ஒரு பொம்பளையை அந்தக் கவிதை அழ வெச்சுடுச்சு. ஆனா அவ அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தாளா? இங்கதான் உங்க வகுப்பு வந்து நிக்கணும். பையனை எதிர்க்கறவங்களும் இந்தக் காட்சியைத்தான் தூக்கிட்டு வரணும், பையனுக்கும் இதுதான் துணை, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே காட்சியில சாட்சி இருக்கற இடம் ஒரு நாவல்ல அடிக்கடி கிடைக்காது.

அதோட பீட்டியைப் பத்தி இன்னொரு கேள்வியும் போடுங்க. அந்தக் கதையிலேயே புத்தகத்துல இருந்து அதிகமா மேற்கோள் சொல்றவங்கள்ல ஒருத்தன் அதை எரிக்கறவன். இவ்வளவு படிச்சவன் ஏன் எரிக்கறான்? மூணாவது பகுதி முடிஞ்சப்புறம், பீட்டி சாக ஆசைப்பட்டான்னு மான்டாக் நினைக்கற வரியை வெச்சு இதே கேள்வியைத் திரும்பக் கேளுங்க. பீட்டி வில்லன், அவ்வளவுதான்னு எழுதின பிள்ளைங்களே பதிலை மாத்துவாங்கன்னு எனக்கு நம்பிக்கை இருக்கு.

ரெண்டு ரிப்ளை கட்டாயம்ங்கற ரூலை முதல்ல எடுத்துடுங்க. எண்ணிக்கைக்கு மார்க் குடுத்தா எண்ணிக்கைதான் வரும், 'சூப்பர்'னு எழுதற பிள்ளைங்களைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. ஒரே ஒரு ரிப்ளை போதும், ஆனா அதுல நாவல்ல இருந்து ஒரு வரி இருக்கணும், அதோட பக்க எண் இருக்கணும், எதிர்ல இருக்கறவங்களைப் பார்த்து ஒரு கேள்வி இருக்கணும். அப்புறம் தான் எழுதின பிறகுதான் மத்தவங்க எழுதினது தெரியற மாதிரி வைக்கற வசதி சில கிளாஸ் ஆப்ல இருக்கு, உங்களோடதுல இருந்தா அதைப் போட்டு வைங்க, இல்லேன்னா முதல் நாள் எல்லாரும் உங்களுக்குத் தனியா அனுப்பட்டும், மறுநாள் மொத்தமா நீங்களே போடுங்க. முதல் ஆள் சொன்னதையே முப்பது பேரும் திருப்பிச் சொல்றது அப்பதான் நிக்கும்.

வேகத்தையும் கொஞ்சம் பாருங்க. கோடை வகுப்புன்னா எல்லாமே ஓட்டம்தான், தெரியும். ஆனா இந்த நாவல்லயே ஃபேபர்னு ஒரு ரிட்டயர்டு புரொஃபசர் மூணு விஷயம் வேணும்கறார், விஷயத்துல தரம் இருக்கணும், அதை ஜீரணிக்க அவகாசம் இருக்கணும், அதுல இருந்து கத்துக்கிட்டபடி நடக்க உரிமை இருக்கணும். உங்க வகுப்புல முதலாவது இருக்கு, நடுவுல இருக்கறதுதான் இல்ல. ஒரு வாரம் போஸ்டே வேண்டாம்னு விடுங்க, படிச்சு, உறுத்தின மூணு இடத்துல கோடு போட்டுட்டு வந்தா போதும்.

அந்தப் பொண்ணுகிட்ட தனியா பேசுங்க, குரூப்ல வெச்சு வேண்டாம். அவளுக்குக் கோபம் வந்ததுல தப்பில்ல, புத்தகத்து மேல இருக்கற பிரியத்துலதான் வந்திருக்கு. 'பீட்டி தப்புன்னு நீ நினைக்கற, எங்க தப்பு, எந்த வரி'ன்னு கேளுங்க, ஆளைப் பத்தி எழுதின வரியை அவளே எடுத்துட்டு அந்த இடத்துல இதை எழுதட்டும். நீங்க அழிச்சா அது தண்டனை மாதிரி ஆயிடும். பையனுக்கும் இன்னிக்கே ஒரு மெசேஜ் போடுங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க, மூணு வாரமோ நாலு வாரமோ ஓடற வகுப்புல ரெண்டு நாள் மௌனமா இருந்த பிள்ளை அப்படியே கடைசி வரைக்கும் இருந்துடும். 'நீ எடுத்தது இந்த நாவலோட முக்கியமான கேள்வி, ஃபெல்ப்ஸ் அழற காட்சியைப் படிச்சுட்டு இன்னும் அதே மாதிரிதான் நினைக்கறியான்னு எழுது, மாறினாலும் சரி, மாறலேன்னாலும் சரி'ன்னு சொல்லுங்க. பாராட்டி மட்டும் விட்டுடாதீங்க, அவன் வாதத்துல ஓட்டை இருந்தா அதையும் கேளுங்க, அதுதான் அவனுக்கு மரியாதை.

அப்பா விஷயம். அவர் போஸ்ட் முழுசையும் படிச்சாரா இல்ல யாரோ சொன்னதை வெச்சுப் பேசறாரான்னு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க. படிச்சுக் காட்டுங்க. பதினாறு வயசுப் பையன் ஒரு பாத்திரத்தோட வாதத்தை எடைபோட்டுப் பார்க்கறதும், நாம புத்தகத்தை எரிக்கணும்னு சொல்றதும் வேறன்னு பொறுமையா சொல்லுங்க. அப்பவும் சமாதானம் ஆகலேன்னா இந்தப் புத்தகத்துக்கே நடந்ததைச் சொல்லுங்க. 1967-ல பள்ளிப் பிள்ளைங்களுக்குன்னு வந்த பதிப்புல, பிஞ்சு மனசு கெட்டுடக் கூடாதுன்னு, பிராட்பரிக்கே தெரியாம அங்கங்க கை வெச்சுட்டாங்க, வசவு வார்த்தைங்களை எடுத்தாங்க, குடிகாரன்னு இருந்ததை நோயாளின்னு மாத்தினாங்க. அவர் 1979-ல எழுதின பின்னுரையில கிட்டத்தட்ட 75 இடம்னு சொல்றார். அவருக்கு இதைக் கடிதம் எழுதித் தெரியப்படுத்தினது அந்த நாவலைப் படிச்ச மாணவர்கள். அதுக்கப்புறம்தான் பழைய வாசகங்கள் திரும்ப வந்தது.

அப்பாகிட்ட பேசி முடிச்சதும் அந்தப் பின்னுரையை வகுப்புலயும் போடுங்க, உங்ககிட்ட இருக்கற பதிப்புல இருந்தாலும் இருக்கும், கடைசிப் பக்கங்களைப் பாருங்க. அதுலயும் பிராட்பரியோட கோபம் எல்லா இடத்துலயும் நியாயம்னு ஒத்துக்கணும்னு இல்ல, உங்க பையன் ஒத்துக்க மாட்டான்னு தோணுது, எழுதட்டும்.