கேள்வி – பதில்: டவுன்டன் மாளிகையில் பேசாமல் போன பேச்சு

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ‘டவுன்டன் ஆபி’ என்ற ஆங்கிலத் தொடரைப் பற்றி நான் எழுதிய ஒரு பத்தி, நான் எதிர்பாராத அளவுக்குக் கடிதங்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அன்பிருந்தும் இந்தத் தொடரின் மாந்தர்கள் மனத்தில் இருப்பதை ஏன் பேசாமல் விடுகிறார்கள் என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே ஏறத்தாழ எல்லாக் கடிதங்களும் வருவதால், இந்த இதழின் பதில்களை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூலியன் ஃபெலோஸ் உருவாக்கிய இத்தொடர், 2010 செப்டம்பரில் பிரிட்டனின் ஐடிவி அலைவரிசையில் தொடங்கி, 2015 கிறிஸ்துமஸ் நாளன்று 52ஆவது எபிசோடுடன் நிறைவு பெற்றது. 1912ஆம் ஆண்டு டைட்டானிக் மூழ்கிய செய்தி யார்க்‌ஷயரில் உள்ள ஒரு பிரபுவின் மாளிகைக்கு வந்து சேரும் காலையில் தொடங்கும் கதை, 1925ஆம் ஆண்டின் கடைசி இரவில் முடிகிறது. மாடியில் பிரபுவின் குடும்பம், கீழ்த்தளத்தில் வேலைக்காரர்கள் என்று இரண்டு உலகங்கள் அந்த ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இயலாது என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்.

மேரி மேத்யூவை விரும்புகிறாள் என்பது பார்க்கிற நமக்கெல்லாம் தெரிகிறது. அவன் வாய்விட்டுக் கேட்ட பிறகும் ‘சரி’ என்ற ஒரு சொல்லைச் சொல்ல அவளால் ஏன் முடியவில்லை? எனக்கு அவள்மீது கோபம்தான் வருகிறது.
— ஒரு வாசகி, திருச்சி

எனக்கும் முதல் முறை பார்த்தபோது கோபம்தான் வந்தது. இரண்டாம் முறை பார்த்தபோதுதான், அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை சொற்கள் வரிசையில் நின்றிருக்கின்றன என்பது விளங்கியது.

பிரபுவுக்கு மூன்றும் பெண்கள்; மூத்தவள் மேரி. பட்டமும் சொத்தும் ஆண் வாரிசுக்கே சேரவேண்டும் என்று பத்திரத்தில் கட்டுண்டு கிடக்கின்றன. மேரியை மணக்கவிருந்த வாரிசு டைட்டானிக் கப்பலில் மூழ்கிப் போக, மான்செஸ்டரில் வக்கீலாக இருந்த தூரத்து உறவினனான மேத்யூ அடுத்த வாரிசாக வந்து சேர்கிறான். தனக்கு உரியதாக வேண்டிய வீட்டை எடுத்துக்கொள்ள வந்தவன் என்ற வெறுப்பில் தொடங்கும் உறவு, இரண்டு ஆண்டுகளில் மெல்ல மெல்ல வேறொன்றாக மாறுகிறது. தங்கை சிபில் தேர்தல் கூட்டத்தில் அடிபட்ட இரவில், வீடே அடங்கிய பிறகு, இருவரும் அந்தப் பெரிய சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். பரிமாற ஆளில்லை, வரிசையாக வைத்த வெள்ளிக் கரண்டிகள் இல்லை. அந்த வீட்டில் அவர்கள் இருவரும் வெறும் இரண்டு மனிதர்களாக இருந்த முதல் வேளை அதுவே. அங்குதான் அவன் தன்னை மணந்துகொள்ளச் சொல்லிக் கேட்கிறான்.

அவள் அவகாசம் கேட்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, முன்பு விருந்தாளியாக வந்த துருக்கி நாட்டுத் தூதரக இளைஞன் ஒருவன் நள்ளிரவில் அவளுடைய அறைக்குள் நுழைந்து, அவளுடைய படுக்கையிலேயே இறந்துபோனான். தாயும் பணிப்பெண் அன்னாவும் அவளும் சேர்ந்து அந்த உடலை இருட்டில் அவனுடைய அறைக்குத் தூக்கிச் சென்றார்கள். இதைச் சொல்லாமல் மேத்யூவை மணப்பது அவனை ஏமாற்றுவதாகும் என்று அவள் நினைக்கிறாள். சொன்னால் அவன் தன்னை இகழ்வான் என்றும் நினைக்கிறாள். இரண்டாவது காரணம் அத்தனை உயர்ந்ததல்ல. தாய் மீண்டும் கருவுற்றிருக்கிறாள். பிறப்பது ஆணாக இருந்தால் மேத்யூவுக்கு ஒன்றும் இராது, எனவே பொறுத்துப் பார் என்கிறாள் அத்தை. மேரி அந்த யோசனைக்குச் செவி கொடுத்துவிடுகிறாள்.

இங்கேதான் விபரீதம் நடக்கிறது. பெரிய காரணத்தை அவளால் சொல்ல முடியாது. சின்னக் காரணத்தை யார் வேண்டுமானாலும் ஊகித்துவிட முடியும். வெளியே தெரிந்தது சின்னக் காரணம் மட்டுமே. கரு கலைந்து, மேத்யூவின் வாரிசுரிமை மீண்டும் உறுதியான பிறகு, அவள் ‘சரி’ என்று சொன்னாலும் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்கப்போவதில்லை. 1914 ஆகஸ்ட் 4ஆம் தேதி தோட்ட விருந்தில் அவன் தன் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறான். அதே விருந்தில்தான், ஜெர்மனியுடன் போர் மூண்டுவிட்ட செய்தியைப் பிரபு அறிவிக்கிறார். அவளுக்கு அவன்மீது அன்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உண்மையைச் சொல்வதற்கு ஏற்ற ஒரு நல்ல நாள் தானாக வந்து நிற்கும் என்று காத்திருந்தாள், அதுதான் அவளுடைய பிழை.

தாங்கள் மேரியின் பக்கமே பேசுவதாகத் தோன்றுகிறது. மேத்யூவின் மேல் தவறே இல்லையா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

உண்டு. மேரியின் தவறைவிட அதைக் கண்டுகொள்வது கடினம், ஏனெனில் அவனுடைய தவறு நேர்மையின் உடையை அணிந்துகொண்டு வருகிறது.

இருவரும் முதன்முதலில் சந்திக்கும் கணத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பம் தன் பெண்களில் ஒருத்தியைத் தன் தலையில் கட்டப் பார்க்கும் என்று மேத்யூ தாயிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேரி அறைக்குள் வந்து நிற்கிறாள். அவன் சொன்னது அவள் காதில் விழுந்துவிடுகிறது. அவள் அவனைப் பற்றி முதலில் அறிந்ததே அவளுக்குச் சொல்லப்படாத ஒரு பேச்சிலிருந்துதான். அன்று முதல் இருவரும் ஒருவரையொருவர் நேராகக் கேட்டதைவிட, ஒட்டுக்கேட்டதையும் ஊகித்ததையும் வைத்தே முடிவுக்கு வருகிறார்கள்.

மேரி மௌனமாக இருந்தபோது மேத்யூ அந்த மௌனத்துக்குள் எதை வைத்துப் படித்தான்? நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையான தன்னை, பணம் இல்லாவிட்டால் இவர்கள் ஒருநாளும் ஏற்கமாட்டார்கள் என்ற தன் சொந்தக் காயத்தை. அது அவனுக்குள் மாளிகைக்கு வந்த முதல் நாளிலிருந்தே இருந்தது. பேசாதவரின் மனத்தை நாம் படிப்பதாக எண்ணும்போது பெரும்பாலும் நம் அச்சத்தையே நாம் உரக்கப் படிக்கிறோம் என்பதை இத்தொடரைப் போல் துல்லியமாகக் காட்டிய வேறொரு தொடரை நான் பார்த்ததில்லை. ‘பணத்துக்காகவா தயங்குகிறாய், அல்லது வேறு ஏதாவது இருக்கிறதா?’ என்று அந்த இரண்டாவது பாதியையும் சேர்த்து அவன் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம். சொல்வதற்கு ஒரு வாசலாவது திறந்திருக்கும்.

கடைசியில் அவள் அந்தத் துருக்கியனைப் பற்றிச் சொல்வது 1919ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸை ஒட்டி நடக்கிறது. இகழ்வான் என்று அவள் அத்தனை ஆண்டுகள் அஞ்சியவன், உன்னை ஒருபோதும் இகழ என்னால் முடியாது என்கிறான். போர், காயம், இரண்டு தவறான நிச்சயதார்த்தங்கள், ஒரு மரணம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு பதிலுக்கு முன்னால் நடந்து முடிந்துவிட்டன.

அக்காலத்து ஆங்கிலேயர்கள் உண்மையிலேயே இப்படித்தான் வாயைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்களா?
— ஒரு கல்லூரி மாணவர், சேலம்

எல்லோரையும் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் சொல்லுக்கு அன்று இருந்த எடை இன்று இல்லை என்பதை மறக்கக்கூடாது. மணந்துகொள்வதாக ஒருவன் வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால், அந்தப் பெண் அவன்மீது இழப்பீட்டு வழக்குத் தொடரலாம். இங்கிலாந்தில் அந்த உரிமையை நீக்கிய சட்டம் 1970இல்தான் வந்தது. மனைவி பிறரோடு உறவு கொண்டால் அது ஒன்றையே காரணமாகக் காட்டிக் கணவன் விவாகரத்துப் பெறலாம். கணவனின் அதே தவறுக்காக மனைவி விவாகரத்துப் பெற, கொடுமையோ கைவிடுதலோ வேறு ஏதேனும் ஒன்றையும் நிரூபிக்கவேண்டும் என்ற நிலை 1923 வரை நீடித்தது. வேலைக்காரப் பெண் திருமணம் செய்துகொண்டால் பொதுவாக வேலையை விட்டுப் போகவேண்டியதுதான். அப்படிப்பட்ட உலகத்தில் மனத்தில் இருப்பதை வெளியே சொல்வது ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். தயக்கத்தைக் கோழைத்தனம் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை.

இதில் லவீனியா என்ன பாவம் செய்தாள்?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

ஒன்றும் செய்யவில்லை. போர்க்காலத்தில் மேத்யூவுக்கு நிச்சயிக்கப்பட்டவள் அவள்; அவன் இனி நடக்கமாட்டான் என்று நம்பப்பட்டபோதும் விலக மறுத்தவள். திருமணம் நெருங்கிய ஒரு மாலையில், கிராமபோன் பாட்டுக்கு மேத்யூவும் மேரியும் ஆடி முத்தமிட்டுக்கொள்வதை மாடிப்படியிலிருந்து பார்த்துவிடுகிறாள். ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சலில் உயிர் பிரியும் நேரத்தில், இதுவே எல்லோருக்கும் நல்லது என்கிறாள். இருவர் தமக்குள் பேசிக்கொள்ளாமல் விட்டதற்கு மூன்றாமவர் ஒருவர் விலை கொடுக்க நேர்ந்தது. அந்தக் காட்சியை என்னால் இன்றுவரை இரண்டாம் முறை முழுதாகப் பார்க்க முடிந்ததில்லை.

ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும் பிரச்சினையை வருடக்கணக்கில் இழுப்பது, எபிசோடுகளின் எண்ணிக்கையைக் கூட்டும் உத்திதானே?
— ஒரு வாசகர், சென்னை

சில இடங்களில் ஆம். அன்னாவும் அவளுடைய கணவர் பேட்ஸும் ஒருவருக்கொருவர் மறைப்பதைப் பாருங்கள். தனக்கு நேர்ந்த வன்கொடுமையை அன்னா கணவனிடம் மறைத்தது முழுக்க நியாயமானது. தெரிந்தால் அவர் அந்த மனிதனைக் கொன்றுவிட்டுத் தூக்குமேடை ஏறுவார் என்று அஞ்சினாள், தான் வாழவேண்டிய வாழ்க்கையைக் காப்பாற்றவே வாயை மூடினாள். ஆனால் அதன்பின் அந்த மனிதன் இறந்துபோக, யார் கொன்றது, யார் யாரைச் சந்தேகிப்பது என்று சீசன் தாண்டியும் நீண்ட இழுபறியில் அவளுடைய வேதனை பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. அங்கே மௌனம் பாத்திரத்திலிருந்து பிறக்காமல் கதையின் தேவையிலிருந்து பிறக்கிறது.

இதற்கு நேர்மாறாக, ஆறாம் சீசனில் மேரியின் தங்கை ஈடித்தின் கதை கச்சிதமானது. திருமணத்துக்கு முன் பிறந்த தன் மகளை வளர்ப்புக் குழந்தை என்று ஊருக்குச் சொல்லி வளர்க்கிறாள் அவள். அவளை விரும்பும் பெர்ட்டி மணக்கக் கேட்கும்போதும் அவனிடம் உண்மையைச் சொல்லாமல் தள்ளிப்போட, ஒரு காலை உணவு வேளையில் மேரி அதைப் போட்டு உடைத்துவிடுகிறாள். பெர்ட்டியைப் புண்படுத்தியது குழந்தை அல்ல, ஈடித் தன்னை நம்பவில்லை என்பது. ஒரே ஒரு எபிசோடில் முறிந்து அடுத்ததில் கூடிவிடும் இக்கதை, மேரியின் ஐந்தரை ஆண்டுகளை விடக் குறைவாக எதையும் சொல்லிவிடவில்லை.

காதலர்களை விடுங்கள். பட்லர் கார்சனையும் மிஸஸ் ஹியூஸையும் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே? எனக்கு அறுபத்தெட்டு வயது. எனக்கு அவர்கள்தான் இத்தொடர், அதிலும் அந்தக் கடற்கரைக் காட்சி.
— ஒரு வாசகி, மதுரை

அம்மா, தங்கள் கடிதத்தைத்தான் கடைசியில் எடுக்கவேண்டும் என்று வைத்திருந்தேன்.

கார்சன் ஆண் வேலைக்காரர்களின் தலைவர்; மிஸஸ் ஹியூஸ் பெண் வேலைக்காரர்களின் தலைவி. மணமாகாத அந்த அம்மாளைப் பதவிக்குரிய மரியாதையாக ‘மிஸஸ்’ என்று அழைப்பது அக்கால வழக்கம். மாளிகையில் எத்தனையோ ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தும், ‘மிஸ்டர் கார்சன்’, ‘மிஸஸ் ஹியூஸ்’ என்பதைத் தாண்டி ஒருவரையொருவர் அழைத்ததில்லை. 1914இல் மேத்யூ விலகிச் சென்ற அன்று தோட்டத்தில் அழுத மேரியைத் தேற்றியவர் கார்சன்தான். அடுத்தவர் துயரத்தில் அத்தனை அழகாகப் பேசத் தெரிந்த அவருக்குத் தன் விஷயத்தில் பேச வாய் வரவில்லை.

மூன்றாம் சீசனில் மிஸஸ் ஹியூஸின் மார்பில் ஒரு கட்டி தென்படுகிறது. அவர் கார்சனிடம் சொல்லவில்லை. கார்சன் எப்படியோ தெரிந்துகொள்கிறார், தெரிந்ததாக அவரும் காட்டிக்கொள்ளவில்லை. கட்டி ஆபத்தில்லாதது என்ற செய்தி வந்த பிறகு, வெள்ளிப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கார்சன் ஒரு பழைய பாட்டை முணுமுணுக்கிறார். கதவருகே நின்று அதைக் கேட்கிறார் மிஸஸ் ஹியூஸ். அவர் முகத்தில் விரியும் புன்னகையைப் பார்த்தவர்கள், இது மேரி–மேத்யூவின் மௌனத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகியது என்பதை உணர்வார்கள். இங்கே கேட்பவர் தன் அச்சத்தை அந்த மௌனத்தில் திணிக்கவில்லை. எதிரில் இருப்பவரை நீண்ட காலம் கவனித்திருப்பதால் சரியாகப் படித்துவிடுகிறார்.

ஆயினும் கவனிப்பு மட்டும் எல்லாவற்றுக்கும் போதாது என்பதையும் தொடர் மறைக்கவில்லை. திருமணம் நிச்சயமான பின், இந்த வயதில் கணவன் மனைவியாக வாழ்வது என்றால் உடலளவிலும் அப்படித்தானா என்பதை நேரில் கேட்கக் கூச்சப்பட்டு, சமையற்காரி மிஸஸ் பேட்மோரைத் தூது அனுப்புகிறார் மிஸஸ் ஹியூஸ். அந்த அம்மாளோ சுற்றி வளைத்துச் சுற்றி வளைத்துப் பேச, கார்சனுக்கு வெகு நேரம் ஒன்றும் புரிவதில்லை. புரிந்தபின் அவர் சொல்லும் பதில், தன் கண்ணுக்கு அவள் அழகானவள் என்பதே. கூச்சமும் அன்பும் ஒன்றையொன்று கெடுக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அரிய இடம் அது.

தாங்கள் குறிப்பிட்டிருந்த கடற்கரைக் காட்சி 2013 கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடில் வருகிறது. வேலைக்காரர்களை ஒருநாள் கடலுக்கு அழைத்துச் செல்கிறார்கள். அலையோரத்தில் செருப்பில்லாமல் நின்று மிஸஸ் ஹியூஸ் கூப்பிடுகிறார். கால்சட்டை நனைந்துவிடுமே, விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று தயங்குகிறார் கார்சன். நனைந்தால் உலர்த்திக்கொள்ளலாம், என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மிஸஸ் ஹியூஸ் கை நீட்டுகிறார். பிடித்துக்கொண்டால் சற்று உறுதியாக இருக்கும் என்று சொல்லி அவர் பிடித்துக்கொள்கிறார். முழங்கால்வரை நீரில், கரையில் நிற்கும் நமக்கு முதுகைக் காட்டியபடி, இருவரும் கடலுக்குள் நடந்து போகிறார்கள்.