24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம்: 'நார்மல்' என்றால் நிம்மதியா?

கேள்வி: நான் ஆண், வயது 42, எடை 70 கிலோ. இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்ததால் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தேன். கால்சியம் 190 மி.கி., கிரியாட்டினின் 950 மி.கி. என்று வந்துள்ளது. மறுநாள் காலையில் எழுந்ததும் கழித்த சிறுநீரைச் சேர்க்க மறந்துவிட்டேன். பயந்து பாலையும் நிறுத்தியிருந்தேன். கால்சியம் நார்மல் என்பதால் இனிக் கவலையில்லைதானே?

மருத்துவர் பதில்: இந்த முடிவை வைத்து நிம்மதி அடைய வேண்டாம் என்பதே என் கருத்து. ஆண்களுக்கு ஒரு நாளில் 300 மி.கி. வரை கால்சியம் வெளியேறுவது இயல்பு என்பதால் 190 என்பது நல்ல அளவாகத் தெரியலாம். ஆனால், அதே ரிப்போர்ட்டில் உள்ள கிரியாட்டினின் வேறு கதை சொல்கிறது. தசைகளிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் இந்தப் பொருள், ஆண்களுக்குக் கிலோவுக்கு 20 முதல் 25 மி.கி. வரை இருக்க வேண்டும் என்பதால், உங்களுக்குக் குறைந்தது 1,400 மி.கி. வந்திருக்க வேண்டும். இரவு முழுவதும் சேர்ந்த சிறுநீர் விடுபட்டதால்தான் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது; அதனுடன் போன கால்சியத்தையும் கணக்கில் சேர்த்தால் உண்மையான அளவு 280-ஐத் தாண்டக்கூடும். அதுவும் பாலை நிறுத்திய நிலையில்!

எனவே பரிசோதனையை மீண்டும் செய்யுங்கள். முதல் நாள் காலைச் சிறுநீரைச் சேர்க்காமல் கழித்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒரு துளியும் விடாமல், மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் வரை சேகரியுங்கள். கால்சியம் படிகமாகி அடியில் தங்காமலிருக்க ஆய்வகத்தில் கேனில் அமிலம் ஊற்றித் தந்திருந்தால், அதைக் கொட்டிவிடாதீர்கள். நேரடியாக அதில் கழிக்காமல், வேறு பாத்திரத்தில் பிடித்து ஊற்றுங்கள்.

வழக்கமான உணவை உண்ணும் நாளில்தான் இந்தப் பரிசோதனைக்குப் பொருள் உண்டு. பாலை நிறுத்துவது கல்லைத் தடுக்காது. உணவிலுள்ள கால்சியம், கல்லில் அதனுடன் சேரும் பொருளான ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்வதால், அது குறைந்தால் ஆக்சலேட் சிறுநீரில் கூடி, கல் உருவாகும் வாய்ப்பு அதிகரிக்கும். குறைக்க வேண்டியது உப்பைத்தான், ஏனெனில் சோடியம் வெளியேறும்போது கால்சியத்தையும் இழுத்துச் செல்கிறது. வைட்டமின் டி, கால்சியம் மாத்திரைகளோ சிறுநீர் பிரியும் மாத்திரைகளோ எடுத்துக்கொண்டால், நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மறுமுறை அளவு கூடுதலாக வந்தால், கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியின் கோளாறு உள்ளதா என்றறிய, ரத்தத்தில் கால்சியத்தையும் பாராதைராய்டு ஹார்மோனையும் பார்த்துவிடுவது அவசியம்.