அந்தப் பிள்ளை உலோகவியல் படிக்கட்டும், அண்ணாச்சி

போன சனிக்கிழமை குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. பிளஸ் டூ முடித்த மகளுக்குக் கணக்கிலும் வேதியியலிலும் நல்ல மதிப்பெண். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் ஏ.ஐ. படிப்பு, நான்கு வருடத்துக்கு 18 லட்சம், அப்புறம் அமெரிக்காவில் எம்.எஸ். இது டாலஸில் இருக்கும் தாய்மாமா போட்ட கணக்கு. பணத்துக்கு வீட்டுப் பத்திரத்தை வைப்பதாக ஏற்பாடு. “அமெரிக்காவும் சீனாவும் சிப்புக்காக முட்டிக்கொள்கிற நேரத்தில் அனுப்பலாமா சார்?” என்று அப்பா கேட்டார்.

முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன். பத்திரம் என்று காதில் விழுந்ததும் நிறுத்திவிட்டேன். வேண்டாம் அண்ணாச்சி. 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் வேலை பார்க்கத் தரும் எச்-1பி விசாவின் புதிய விண்ணப்பத்துக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். அங்கேயே படித்துவிட்டு விசா மாறுகிறவர்களுக்கு அது இல்லை என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. இப்படி மாறுகிற விதியை நம்பி, குடியிருக்கிற வீட்டை அடகு வைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அந்தப் பிள்ளை அதுவரை வாயே திறக்கவில்லை. பொழுது எப்படிப் போகும் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து மேசையில் வைத்தாள். உடைந்த ஹெட்செட்டிலிருந்து பிடுங்கியதாம். கடற்கரை மணலில் ஓட்டினால் கறுப்புத் துகள் மட்டும் ஒட்டுகிறது, மற்றது ஒட்டுவதில்லை, “மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் எல்லாவற்றையும் எப்படி சார் பிரிக்கிறார்கள்?” என்றாள். “சும்மா இரு” என்று அம்மா அதட்டினார். அம்மா, அதட்டாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தருகிற படிப்பு இருக்கிறது. அதற்கு உலோகவியல் என்று பெயர்.

நீங்கள் கேட்ட சிப் சண்டைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்த மணலில் அரிய மண் தனிமங்கள் என்கிற உலோகங்கள் இருக்கின்றன. 2022 அக்டோபரில் உயர்ரக சிப்புகளும் அவற்றைச் செய்யும் கருவிகளும் சீனாவுக்குப் போகாதபடி அமெரிக்கா கட்டுப்பாடு போட்டது. மறு வருடம், சிப் செய்ய உதவும் காலியம், ஜெர்மானியம் உலோகங்களின் ஏற்றுமதியில் சீனா கை வைத்தது. 2025 ஏப்ரலில், டிரம்ப் வரியைக் கூட்டியதும், ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் செய்த காந்தங்களுக்கும் உரிமம் கட்டாயம் என்றது. அடுத்த மாதமே சிகாகோவில் ஃபோர்டு ஆலை ஒரு வாரம் நின்றது, காந்தம் இல்லாமல்.

நியோடிமியம் என்ற அரிய மண் தனிமத்தால் செய்யும் காந்தத்தை 1980களில் கண்டுபிடித்ததே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் சுமிட்டோமோவும்தான். ஜெனரல் மோட்டார்ஸ் தன் காந்தப் பிரிவை 1995இல் சீன நிறுவனங்கள் சேர்ந்த ஒரு குழுவுக்கு விற்றது. சில வருடங்களில் இண்டியானாவில் இருந்த தொழிலும் சீனாவுக்குப் போய்விட்டது. கலிஃபோர்னியாவில் அரிய மண் சுரங்கம் இருந்தது, ஆனால் பிரித்துக் காந்தமாக்கத் தெரிந்த கைகள் போய்விட்டன. அவற்றைத் திரும்ப உண்டாக்கத்தான் 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே எம்.பி. மெட்டீரியல்ஸ் என்ற நிறுவனத்தில் 40 கோடி டாலர் போட்டது.

அந்தக் கைவேலை லேசானது இல்லை. அரிய மண் தனிமங்கள் கூடப் பிறந்தவர்கள் மாதிரி, வேதியியல் குணம் கிட்டத்தட்ட ஒன்றே. கரைசலை நூற்றுக்கணக்கான தொட்டிகளில் ஒன்று மாற்றி ஒன்றாக ஓட்டித்தான் தனித்தனியாக்க வேண்டும். பிறகு நியோடிமியத்தை இரும்போடும் போரானோடும் உருக்கி, ஹைட்ரஜனால் நொறுக்கி, சில மைக்ரான் அளவுக்குப் பொடியாக்குவார்கள். காற்றுப் பட்டால் அந்தப் பொடி தீப்பிடிக்கும். காந்தப் புலத்துக்குள் வைத்து அழுத்தினால் ஒவ்வொரு துகளும் ஒரே திசைக்குத் திரும்பும். அப்புறம் 1,000 டிகிரிக்கு மேல் சுடுவார்கள். சூட்டில் காந்தம் சக்தி இழக்காமல் இருக்க டிஸ்புரோசியம் என்ற இன்னொரு அரிய மண் தனிமமும் கொஞ்சம் சேர வேண்டும். நம் ஊர் மின் ஸ்கூட்டர் மோட்டாருக்குள்ளும் இதுதான் இருக்கிறது.

சேலம் அரசு பொறியியல் கல்லூரியிலும் கோவை பி.எஸ்.ஜி.யிலும் இந்தப் படிப்பு உண்டு. ஜேஇஇ எழுதியிருந்தால் திருச்சி என்.ஐ.டி.யும் உண்டு. அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கு யாரும் பத்திரத்தைத் தொட வேண்டியதில்லை. மணவாளக்குறிச்சி ஆலையை நடத்தும் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் விசாகப்பட்டினத்தில் ஒரு காந்த ஆலை வைத்திருக்கிறது. பொடி உலோகவியலுக்கென்றே ஹைதராபாத்தில் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் இருக்கிறது. 2025 நவம்பரில் மத்திய அரசு காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேர் அளவுக்கு இருக்காது. உலைப் பக்கத்தில் நிற்க வேண்டிவரும், எம்.டெக். வரை படித்தால்தான் நல்ல இடம். இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கடற்கரை மணல் எடுப்பதில் உங்கள் ஊர்க்காரர்களுக்கு இருக்கும் பயமும் தெரியும், அந்த மணலின் மோனசைட் தாதுவில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறதே. மணலைத் தொடாமல், பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து காந்தத்தை மீட்கிற வேலைக்கும் இதே படிப்புதான். எதில் இறங்குவது என்று அவளே முடிவெடுப்பாள்.

டாலஸ் எண்ணைக் கொடுங்கள், மாமாவிடம் நான் பேசுகிறேன். கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது மட்டும் கணினி முன்னால் அவளை உட்கார வையுங்கள். நீங்கள் பின்னால் நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள்.