திரையில் பளிச், தாளில் மங்கல்

கேள்வி: மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு இங்க் டேங்க் பிரின்டரில் போஸ்டர் அடிக்கிறேன். திரையில் பளிச்சென்று தெரியும் சிவப்பும் பச்சையும் தாளில் வெளிறிவிடுகின்றன. இங்க் புதிது. கோளாறு எங்கே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இங்க்கை விடுங்கள், தாளைப் பாருங்கள். 70, 75 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஜெராக்ஸ் தாளில் இங்க் நாருக்குள் இறங்கிப் பரவிவிடும். நிறம் மேலே நின்றால்தான் பளிச்சிடும். இங்க்ஜெட்டுக்கென்று பூச்சுள்ள மேட் தாள் (120 ஜி.எஸ்.எம்-க்கு மேல்) வாங்குங்கள். பளபளப்பு வேண்டுமானால் 180 முதல் 230 வரையுள்ள கிளாஸி போட்டோ பேப்பர். பெரும்பாலும் பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கும். ஈர விரலால் ஓரத்தைத் தொட்டால் லேசாக ஒட்டும் பக்கம் அதுதான்.

நல்ல தாள் போட்டும் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: பிரின்ட் கொடுக்கும்போது 'பேப்பர் டைப்' பிளெய்ன் என்றே கிடக்கும். எவ்வளவு இங்க் தெளிப்பது என்பதை பிரின்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. போட்டிருக்கும் தாளின் வகையைத் தேர்ந்தெடுத்து, 'குவாலிட்டி'யை ஹை ஆக்குங்கள். ஜெராக்ஸ் தாளுக்கு கிளாஸி என்று பொய் சொன்னால் தாள் நனைந்து நெளியும், இங்க் ஈஷும்.

ஒரு நிறம் மட்டும் குறைந்தால் நாசில் செக் (இங்க் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பக்கம்) அடியுங்கள். அதில் கோடு விட்டிருந்தால் பிரின்டரின் மெனுவில் உள்ள ஹெட் கிளீனிங் (துளைகளைச் சுத்தம் செய்வது), அதுவும் இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் இங்க்கைக் குடிக்கும். சரியாகாவிட்டால் பிரின்டரை அணைத்து 12 மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள்.

பிரஸ்ஸுக்குப் போகும் ஃபைல் போல உங்கள் போஸ்டர் ஃபைலை சி.எம்.ஒய்.கே.-க்கு (அச்சு மையின் நான்கு நிற முறை) மாற்றாதீர்கள். வீட்டு பிரின்டரின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) ஆர்.ஜி.பி.யைத்தான் (திரையின் சிவப்பு, பச்சை, நீல முறை) எதிர்பார்க்கிறது. ரேடியம் பச்சை மட்டும் எந்தத் தாளிலும் வராது. திரை தானே ஒளிவிடுகிறது, தாள் விழும் ஒளியைத் திருப்பித்தான் தருகிறது. படம் மொத்தமும் இருண்டு வந்தால் திரை வெளிச்சத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். பிறகு படத்தின் ஒரு துண்டை உள்ளபடியும், பிரைட்னஸ் 10, 20 கூட்டியும் ஒரே தாளில் அடித்து, பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள். போஸ்டர் போஸ்டராக அடித்துத் தூக்கிப் போடுவதைவிட இது மலிவு.

கேள்வி: ஏ4 பிரின்டரில் பெரிய போஸ்டர் அடிக்க முடியுமா?
– வாசகர், தேனி

பதில்: முடியும். பி.டி.எஃப். ஆக்கி, அடோபி ரீடரின் பிரின்ட் பெட்டியில் 'போஸ்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏ4 பக்கத்தை 200 சதவீதம் பெரிதாக்கினால் ஏ2. ஆனால் ஓரத்தில் பிரின்டர் அடிக்காமல் விடும் இடமும், ஒட்டுவதற்கான 10 மி.மீ. மடிப்பும் சேர்ந்து நான்கு தாளில் அடங்காது. 185 வைத்து, முன்னோட்டத்தில் நான்கு தாள்தானா என்று பாருங்கள். படம் 2480 × 3508 பிக்சல் இருந்தால் போதும். வாட்ஸ்அப்பில் வாங்குவதானால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். நான்கையும் ஒரே கட்டுத் தாளில், ஒரே அமைப்பில் அடியுங்கள். இல்லையேல் ஒட்டும் இடத்தில் நிறம் மாறித் தெரியும். லேமினேஷனுக்கு முன் ஒரு நாள் காயவிடுங்கள்.