அமெரிக்காவில் எங்கள் ஊர்க் கோயிலுக்கு அரசின் பாதுகாப்பு மானியம் வாங்கலாமா? வாங்கினால் பின்னால் தொல்லை வருமா?

கேள்வியைப் பார்த்ததும், நிர்வாகக் குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் தலையில் இந்த வேலையைக் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கணினித் துறையில் இருப்பவராக இருப்பீர்கள். படிவம் நிரப்பத் தெரிந்தவர் என்று பெரியவர்கள் முடிவு செய்திருப்பார்கள். என் கதையும் அப்படித்தான் தொடங்கியது. மானியம் வாங்கலாம், தொல்லையும் வரும். அந்தத் தொல்லை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது முன்பே தெரிந்திருந்தால் எங்கள் கோயிலுக்கு 14,200 டாலர் மிச்சமாகியிருக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் வழக்கறிஞரும் அல்லன், கணக்காயரும் அல்லன். விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைப் படிக்காமல் என் பதிலை மட்டும் நம்பி எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

நீங்கள் கேட்பது அமெரிக்க மத்திய அரசின் அவசரநிலை மேலாண்மை முகமையான ஃபீமா வழங்கும், லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான பாதுகாப்பு மானியத்தைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு உருவான உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, பயங்கரவாதத் தடுப்புக்கும் அவசரகால ஆயத்தத்துக்கும் மாநிலங்களுக்கும் பெருநகரங்களுக்கும் தரும் பெரிய மானியங்களுக்கு இது தம்பி முறை. 2021இல் 18 கோடி டாலராக இருந்த இதன் மொத்த ஒதுக்கீடு 2022இல் 25 கோடியாகவும் 2023இல் 30.5 கோடியாகவும் உயர்ந்தது. பணம் நேரடியாகக் கோயிலுக்கு வராது. விண்ணப்பத்தை மாநிலத்தின் பொறுப்பு அலுவலகத்திடம் கொடுக்க வேண்டும். அவர்கள் மதிப்பெண் இட்டு ஃபீமாவுக்கு அனுப்புவார்கள். நாங்கள் விண்ணப்பித்த 2022இல் ஓர் இடத்துக்கு அதிகபட்சம் 1,50,000 டாலர் கேட்கலாம் என்றிருந்தது. நாங்கள் 96,000 கேட்டோம், கிடைத்தது.

"இந்த மானியங்களே வீண்செலவு, அதில் கோயிலும் போய்க் கை நீட்ட வேண்டுமா?" என்று இதன் கீழே ஒருவர் எழுதுவார் என்று எனக்குத் தெரியும். அவர் சொல்வதில் பாதி உண்மை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஏறத்தாழ 23,000 பேர் வாழும் கீன் என்னும் ஊர், கவச வாகனம் ஒன்று வாங்க உள்நாட்டுப் பாதுகாப்பு மானியம் கேட்டபோது, பாதுகாக்க வேண்டியவற்றுள் ஒன்றாகத் தன் ஆண்டுப் பூசணிக்காய்த் திருவிழாவைக் குறிப்பிட்டிருந்தது. 2012 டிசம்பரில் செனட்டர் டாம் கோபர்ன் வெளியிட்ட அறிக்கை இதையும் இதுபோன்ற பலவற்றையும் எடுத்துப்போட, நாடே சிரித்தது. ஆனால் அடுத்த நான்கே மாதத்தில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தும், மருத்துவமனைக்கு உயிரோடு கொண்டுசெல்லப்பட்ட ஒருவரும் இறக்கவில்லை. காவல்துறை, தீயணைப்புத் துறை, மருத்துவமனைகள் எல்லாம் இதே மானியப் பணத்தில் முந்தைய ஆண்டுகளில் சேர்ந்து ஒத்திகை செய்திருந்ததையும் அதற்கு ஒரு காரணமாகச் சொன்னார்கள். ஒரே உண்டியல் பணம்தான். ஓர் ஊரில் கவச வாகனமானது, இன்னோர் ஊரில் ஒத்திகையானது. இதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

விண்ணப்பத்தின் இதயம் "இன்வெஸ்ட்மென்ட் ஜஸ்டிபிகேஷன்" என்னும் படிவம். உங்கள் இடத்துக்கு என்ன அச்சுறுத்தல், எங்கே பலவீனம், ஏதேனும் நடந்தால் என்ன விளைவு, கேட்கும் பொருள் அந்தப் பலவீனத்தை எப்படிச் சரிசெய்யும் என்று அதில் தொடர்புபடுத்திக் காட்ட வேண்டும். அச்சுறுத்தல் பகுதியில் நான் திகைத்து நின்றேன். எங்கள் கோயிலின் பெயர்ப்பலகையில் முட்டை வீசியிருக்கிறார்கள், தபால் பெட்டியை இருமுறை உடைத்திருக்கிறார்கள், ஒரு நவராத்திரி இரவில் வண்டியை வாசலில் நிறுத்தி அரை மணி நேரம் கத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் ஒன்றுக்குக்கூடக் காவல்துறையில் புகார் இல்லை. "வெளியில் தெரிந்தால் நமக்குத்தான் அசிங்கம், விட்டுவிடுங்கள் தம்பி" என்று ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார். எழுத்தில் இல்லாத அச்சுறுத்தல் படிவத்தைப் பொறுத்தவரை நடக்காத அச்சுறுத்தல்தான். இறுதியில் 2012இல் விஸ்கான்சினின் ஓக் கிரீக் குருத்வாராவில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், 2018இல் பிட்ஸ்பர்க் யூத வழிபாட்டுத் தலத்தில் 11 பேர் கொல்லப்பட்டதையும் குறிப்பிட்டு, எங்கள் தபால் பெட்டியின் கதையை இரண்டு அறங்காவலர்களின் கையெழுத்திட்ட குறிப்பாக இணைத்தேன். நீங்கள் விண்ணப்பிக்காவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த முட்டை விழுந்த அன்றே புகார் எண் வாங்கி வைத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தோடு பாதுகாப்புக் குறை மதிப்பீட்டறிக்கையும் வைக்க வேண்டும். எங்கள் பகுதிக் காவல்துறையிலிருந்து ஒருவர் கட்டணமின்றி வந்து பார்த்தார். வாசலில் கால்சராய்ப் பட்டை, துப்பாக்கி, கைவிலங்கு எல்லாவற்றோடும் குனிந்து பூட்ஸ் நாடாவை அவிழ்க்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. அவசரம் என்றால் உங்கள் மக்கள் இதைத் திரும்ப மாட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. எங்களிடம் பதில் இல்லை. பிறகு மண்டபத்தின் பின்புற அவசர வழிக்குப் போனார். அங்கே ரிஷப வாகனம் துணி போர்த்தி நின்றுகொண்டிருந்தது. மடப்பள்ளிக் கதவுக்குப் போனார். காற்று வர வேண்டும் என்று இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டையை முட்டுக்கொடுத்து அதை நாள் முழுவதும் திறந்து வைத்திருந்தோம். கோயில் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டார். பொருளாளர் ஒன்பது என்றார், குருக்கள் பதினான்கு என்றார். பிறகு எண்ணிப் பார்த்தபோது இருபத்து மூன்று. அதில் நான்கு பேர் ஊரை விட்டே போய்விட்டவர்கள். இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய ஒரு டாலர் மானியமும் தேவைப்படவில்லை.

இனி 14,200 டாலர் கதைக்கு வருகிறேன், தவறு முழுக்க என்னுடையது. கேமராக்கள், மின்பூட்டுக் கதவுகள், வாசலில் வண்டி மோதாதிருக்க வாகனத் தடுப்புத் தூண்கள் ஆகியவற்றைக் கேட்டிருந்தோம். மானியம் கிடைத்ததாக அறிவிப்பு வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். குளிர்காலத்தில் வேலை குறைவு, இப்போதே ஒப்புக்கொண்டால் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். கோயில் பணத்தை மிச்சப்படுத்துகிறோம் என்ற பெருமிதத்தில் நான் கையெழுத்திட்டேன். நிலம் உறைவதற்குள் ஏழு தூண்களும் நின்றுவிட்டன. ஈ.எச்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சுற்றுச்சூழல், வரலாற்றுச் சின்ன ஆய்வு முடிந்து எழுத்து மூலம் அனுமதி வந்த பிறகே தரையைத் தோண்டவோ சுவரைத் துளைக்கவோ வேண்டும் என்ற விதியை நான் படித்திருந்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் சோளக்கொல்லையாக இருந்த எங்கள் நிலத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். பொருந்தும். தூண்களுக்கு ஒரு காசும் வரவில்லை. கதவுக்கும் கேமராவுக்கும் உரிய அனுமதிக்காகப் பிறகு ஏழு மாதம் வாய் மூடிக் காத்திருந்தேன்.

அடுத்தது, "மானியம்" என்ற சொல்லே நம்மவர்களை ஏமாற்றுகிறது. எங்கள் பொருளாளர், "தம்பி, இது கிராண்ட்டா, கடனா?" என்று என்னிடம் மூன்று முறை கேட்டார்; நான் மூன்று முறையும் கிராண்ட் என்றேன். உண்மையில் முதலில் நாம் செலவழிக்க வேண்டும், விலைப்பட்டியல், காசோலை நகல், பொருள் வந்ததற்கான சான்று எல்லாம் அனுப்ப வேண்டும், அதன் பிறகு அவர்கள் திருப்பித் தருவார்கள். எங்களுக்கு முதல் தவணை வர ஐந்து மாதம் ஆனது. இடையில் கும்பாபிஷேக நிதியிலிருந்து கைமாற்றாக எடுத்தோம். அந்த நிதிக்கு உபயம் கொடுத்தவர்களிடம் அதைச் சொல்லாமல் எடுத்தது இரண்டாவது தவறு. 2025இன் தொடக்கத்தில் இந்தத் திட்டத்தின் பணம் சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டபோது, செலவு செய்துவிட்டுக் காத்திருந்த அமைப்புகளின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஆறு மாதம் பணம் வராவிட்டாலும் குருக்களின் சம்பளமும் மின்கட்டணமும் தடைபடாது என்றால் மட்டும் இறங்குங்கள். மானியத்தோடு வரும் நிபந்தனைகளையும் வரிவரியாகப் படியுங்கள். அவை ஆட்சிக்கேற்ப மாறுகின்றன.

இந்த இடத்தில் என் ஆற்றாமையையும் சொல்லிவிடுகிறேன். அம்மனுக்கு வெள்ளிக் கவசம் என்று அறிவித்தால் மாலைக்குள் பணம் சேர்ந்துவிடும் ஊர் எங்கள் ஊர். கும்பாபிஷேக நிதியை நிரப்பக் கேமரா உபயம் என்று கேட்டபோது இரண்டே குடும்பங்கள் முன்வந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "இதில் இவருக்கு எத்தனை சதவீதம் கமிஷன்?" என்று எழுதி, அதற்கு ஒன்பது பேர் கட்டைவிரல் குறி போட்டிருந்தார்கள். வார இறுதிகளை எல்லாம் மூன்று விலைப்புள்ளிகள் வாங்கவும் காலாண்டு அறிக்கை எழுதவும் செலவிட்டவனுக்கு அந்தக் கட்டைவிரல்கள் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ரசீதையும் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஒருவரும் படிக்கவில்லை. நீங்கள் முதல் நாளிலிருந்தே ஒட்டுங்கள்.

பணம் எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால், கேமராவை விட ஒத்திகைக்கு என்றே சொல்வேன். பயிற்சிக்கும் ஒத்திகைக்கும் மானியத்தில் இடம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2022 ஜனவரியில் டெக்சாஸின் காலிவில் யூத வழிபாட்டுத் தலத்தில் துப்பாக்கியோடு வந்தவனிடம் நான்கு பேர் சிக்கினார்கள். ஒருவர் முன்னதாக விடுவிக்கப்பட்டார். ஏறத்தாழ பதினொரு மணி நேரத்துக்குப் பிறகு, அந்தத் தலத்தின் மதகுருவான ரபி நாற்காலியை அவன்மேல் எறிய, அவர் உட்பட எஞ்சிய மூவரும் கதவுவழியே ஓடித் தப்பினார்கள். முன்பு எடுத்த பாதுகாப்புப் பயிற்சிதான் தங்களைக் காப்பாற்றியது என்று அந்த ரபியே சொன்னார். நாங்கள் ஒரு பிப்ரவரி ஞாயிறு, தமிழ்ப் பள்ளி நடக்கும் நேரத்தில் ஒத்திகை வைத்தோம். மண்டபம் நான்கு நிமிடத்தில் காலியானது. ஆனால் வெளியே எட்டு அங்குலப் பனி. நூற்றெழுபது பேர் வெறுங்காலோடு நின்றார்கள். ஒரு சிறுமி, தமிழாசிரியையின் சேலைத் தலைப்பின் மேல் ஏறி நின்றுகொண்டாள். அந்தக் காவலர் முதல் நாளே கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு அவசர வழியின் அருகிலும் ஒரு பெட்டி நிறையக் கம்பளிக் காலுறைகளும் போர்வைகளும் இருக்கின்றன. அதற்கு மானியம் கேட்கவில்லை. ஆடி வெள்ளி உபயத்துக்கு வந்த ஒரு பாட்டியம்மா விவரம் கேட்டுத் தாமே வாங்கிக் கொடுத்தார்.

கோயிலைக் கோட்டையாக்கிவிட்டோம் என்று சிலர் சொன்னார்கள். அவர்களோடு நான் முழுமையாக முரண்படவில்லை. மானியத்தில் ஒப்பந்தக் காவலர்களுக்கும் இடம் உண்டு என்றாலும், துப்பாக்கி ஏந்தியவர் கோயில் வாசலில் நிற்பதைக் குழு ஏற்கவில்லை, நானும் எதிர்த்தே வாக்களித்தேன். மின்பூட்டுக் கதவால், வேலை முடிந்து எட்டரை மணிக்கு மேல் ஓடிவந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகும் வழக்கம் குறைந்துவிட்டது என்பதும் உண்மை.

விண்ணப்பிப்பதாக இருந்தால் இப்போதே தொடங்குங்கள், ஏனென்றால் அறிவிக்கை வந்த பிறகு மாநிலங்கள் தரும் அவகாசம் சில வாரங்கள்தான். யூ.இ.ஐ. எண் (மானியம் கேட்கும் அமைப்புக்கு மத்திய அரசு தரும் அடையாள எண்), கோயிலின் நோக்க அறிக்கை, மதிப்பீட்டறிக்கை ஆகிய மூன்றையும் முன்கூட்டியே வைத்திருங்கள். முன்பு இந்த மானியம் பெறாத அமைப்புகளுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. குழுவின் பதவிக்காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். எங்கள் மானியக் காலம் 36 மாதம், எங்கள் குழுவின் ஆயுள் இரண்டு ஆண்டு. கணக்கு முடித்த பிறகும் மூன்று ஆண்டுகள் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்பதால், பதவியே இல்லாத என் வீட்டு நிலவறையில், கொலுப் பொம்மைப் பெட்டிகளுக்குக் கீழே, அந்த நான்கு கோப்புகளும் இருக்கின்றன. புதிய பொருளாளரிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன். வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.