அரிய நோயுள்ள பிள்ளையின் பெற்றோரிடம் ‘லொரென்சோஸ் ஒயில்’ பார்க்கச் சொல்லலாமா?

உறவினர் ஒருவரின் பிள்ளைக்கு அரிய பரம்பரை நோய் இருப்பது அண்மையில் உறுதியாகியிருக்கிறது என்றும், அந்தப் பெற்றோரிடம் 1992 இல் வெளிவந்த ‘லொரென்சோஸ் ஒயில்’ படத்தைப் பார்க்கச் சொல்லலாமா, அது வீண் நம்பிக்கையை ஊட்டிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சொல்லலாம் என்பதே என் பதில். ஆனால் படம் நின்றுவிடும் இடத்துக்குப் பிறகு நடந்தவற்றை அறிந்த ஒருவர் அவர்களோடு இருந்து பார்க்க வேண்டும். திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் என் அக்காவின் மகனுக்கு, என் பெறாமகனுக்கு, டுஷேன் தசைச்சிதைவு நோய் இருக்கிறது. அக்காவும் அத்தானும் நானும் இந்தப் படத்தை ஒன்றாகப் பார்த்தோம். அந்த அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

படம் உண்மைக் கதை. உலக வங்கியில் பொருளியலாளராக இருந்த இத்தாலியர் அகஸ்தோ ஒடோனேக்கும் அவருடைய மனைவி மிக்கேலாவுக்கும் பிறந்த லொரென்சோவுக்கு, 1984 இல் அட்ரினோலியுகோடிஸ்ட்ரோபி என்ற நோய் கண்டறியப்பட்டது. இந்நோயில் மிக நீண்ட சங்கிலியுடைய கொழுப்பமிலங்களை உடலால் உடைக்க முடிவதில்லை. அவை இரத்தத்திலும் மூளையிலும் அதிரீனல் சுரப்பியிலும் தேங்க, நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மைலின் உறை சிதைந்து, ஓடியாடித் திரிந்த சிறுவன் நடை, பேச்சு, பார்வை, விழுங்கும் திறன் என ஒவ்வொன்றாக இழக்கிறான். இயக்குநர் ஜோர்ஜ் மில்லர் முன்னர் வைத்தியராகப் பணிபுரிந்தவர். அதனாலோ என்னவோ இந்தக் கட்டங்கள் எதையும் அவர் மழுப்பவில்லை.

மருத்துவம் படிக்காத அந்தப் பெற்றோர் நூலகத்தில் உட்கார்ந்து உயிரிரசாயனம் படிக்கும் பகுதிதான் படத்தின் உயிர் என்பேன். உணவில் அந்தக் கொழுப்பைக் குறைத்தும் இரத்தத்தில் அளவு குறையவில்லை, ஏனெனில் உடலே அதை உற்பத்தி செய்கிறது. அகஸ்தோ கடதாசிக் கிளிப்புகளைச் சங்கிலியாகக் கோத்து இதை விளங்கிக்கொள்கிறார். தீமை செய்யும் கொழுப்பமிலத்தை நீட்டும் அதே நொதியமே (உடலில் இரசாயன மாற்றங்களை நடத்தும் புரதம்) தீமை குறைந்த வேறொரு கொழுப்பமிலத்தையும் நீட்டுகிறது என்றால், இரண்டாவதை மிகுதியாகக் கொடுத்து நொதியத்தை அதிலேயே ஈடுபடுத்தி வைக்கலாம் அல்லவா? ஒலெயிக் அமிலத்தின் எண்ணெயையும் எரூசிக் அமிலத்தின் எண்ணெயையும் நாலுக்கு ஒன்று என்ற அளவில் கலந்தது அப்படித்தான். எரூசிக் எண்ணெயைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தவர் இங்கிலாந்தின் ஹல் நகர இரசாயனவியலாளர் டொன் சடபி. படத்திலும் அவரே தம் பாத்திரத்தில் தோன்றுகிறார். இந்தக் கலவையை உட்கொண்டதும் லொரென்சோவின் இரத்தத்தில் இருந்த கொழுப்பமில அளவு வழமைக்குத் திரும்பியது.

உங்கள் உறவினருக்கு மிகவும் தெளிவாகச் சொல்ல வேண்டியது இதற்குப் பின்னால் வருகிறது. எண்ணெய் இரத்தத்தைச் சீராக்கியது, ஆனால் அழிந்துபோன மைலினை மீட்டுத் தரவில்லை. லொரென்சோ பேசவோ நடக்கவோ இயலாத நிலையிலேயே, கைகால் அசைவாலும் கண் சிமிட்டலாலும் பதில் தெரிவித்தபடி, முப்பதாவது பிறந்த நாளுக்கு மறுநாளான 2008 மே 30 வரை வாழ்ந்தார். தாய் 2000 இலேயே புற்றுநோயால் இறந்துவிட்டார், தந்தை 2013 இல் காலமானார். படமோ, எண்ணெயை உட்கொண்டு நலமாக இருக்கும் சிறுவர்களின் முகங்களை வரிசையாகக் காட்டி முடிகிறது. அதைப் பார்க்கும் எந்தத் தாயும் நோய் குணமாகிவிட்டது என்றே நினைப்பாள். 2005 இல் இந்நோயை ஆராய்ந்த நரம்பியல் வைத்தியர் ஹியூகோ மோசரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், அறிகுறி எதுவும் தோன்றாத 89 சிறுவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, எண்ணெயால் அந்தக் கொழுப்பமிலம் நன்கு குறைந்தவர்களுக்கு மூளைப் பாதிப்பு ஏற்படும் வாய்ப்புக் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எண்ணெய் கொடுக்கப்படாத குழு அதில் இல்லை என்பதால் விவாதம் ஓயவில்லை. இன்று மூளைப் பாதிப்பின் தொடக்கத்திலேயே செய்யப்படும் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை நோயை நிறுத்தக்கூடியது. 2022 இல் அமெரிக்காவில் மரபணுச் சிகிச்சை ஒன்றுக்கும் அனுமதி கிடைத்தது. அதன் விலை மூன்று மில்லியன் டொலர், பெற்றுக்கொண்டவர்களில் சிலருக்குப் பின்னர் இரத்தப் புற்றுநோயும் கண்டது. எந்த வழியானாலும் நோய் முற்றிய பிறகு பலன் மிகக் குறைவு.

படம் வைத்தியர்களையும் இந்நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சங்கத்தையும் காட்டும் விதம் எனக்கு உடன்பாடில்லை. முறையான பரிசோதனை முடியும்வரை பொறுங்கள் என்று சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்களாகத் தெரிகிறார்கள். பெற்றோரின் அவசரம் நியாயமானதுதான், அதை நான் அக்காவின் முகத்தில் தினமும் காண்கிறேன். எனினும் மேற்சொன்ன ஆய்வை நடத்திய மோசரைத் தழுவியே படத்தின் பேராசிரியர் பாத்திரம் அமைக்கப்பட்டது என்பதை நினைக்கும்போது, அந்த மனிதருக்குப் படம் இன்னும் கொஞ்சம் மரியாதை கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டை உலுக்கிய காட்சி வேறொன்று. இந்த நோய் தாயிடமிருந்து மகனுக்கு வருகிறது என்று மிக்கேலா அறியும் இடத்தில் அக்கா படத்தை நிறுத்தச் சொன்னாள். டுஷேனும் அதேபோல், மரபணுக்களைத் தாங்கும் எக்ஸ் நிறமூர்த்தம் வழியாக வருவதே. பிள்ளை பாயிலிருந்து எழும்போது முதலில் கைகளை நிலத்தில் ஊன்றி, பிறகு முழங்காலில், பிறகு தொடையில் வைத்து, தன் உடலின் மீதே தான் ஏறுவதுபோல் நிமிர்வான். அதைப் பார்த்த உறவினர்கள், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிப்பாட்டுங்கள், பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வையுங்கள் என்றார்கள். அன்பினால் சொன்னவை, அக்காவும் செய்தாள். நோயின் பெயர் தெரிந்த பின்போ, “உங்கட பக்கத்தால வந்ததுதானே?” என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை அவள் இன்னும் சுமக்கிறாள். அன்று நான் அவளுக்கு விளக்கியதை உங்களுக்கும் எழுதுகிறேன். டுஷேன் நோயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, தாயிடம் இல்லாமல் பிள்ளையிலேயே புதிதாகத் தோன்றும் மரபணு மாற்றத்தால் வருவது. தாய் காவியாக, அதாவது அந்த மரபணு மாற்றத்தைத் தன்னுள் சுமப்பவளாக, இருந்தாலும் தன் இரு எக்ஸ் நிறமூர்த்தங்களில் எது மகனுக்குப் போகும் என்பதை அவள் தெரிவுசெய்வதில்லை. அத்தான் அப்போது எதுவும் பேசாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நெடுநேரம் கழித்து, மிச்சத்தையும் பார்ப்போம் என்று சொன்னவள் அக்காதான்.

அந்தப் படத்துக்குப் பிறகு அக்கா கிளினிக் கொப்பியில் தன் கேள்விகளையும் எழுதத் தொடங்கினாள். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு போய், முன்பெல்லாம் வைத்தியர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தவள், இப்போது ஸ்டீரோயிட் மருந்தின் அளவையும், எலும்பு தேய்வதைத் தடுக்க என்ன செய்வது என்பதையும், இருதயப் பரிசோதனை எப்போது என்பதையும் கேட்கிறாள். ஸ்டீரோயிட் இந்த நோயைக் குணப்படுத்தாது, தசை தளர்வதைத் தாமதப்படுத்தும். அந்த வேறுபாடு அவளுக்குத் தெரியும். வைத்தியரும் அவளுக்கு நேரமொதுக்கிப் பதில் சொல்கிறார்.

ஆகவே படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் பிள்ளை உறங்கிய பிறகு பார்க்கட்டும். லொரென்சோ வலிப்பிலும் மூச்சுத்திணறலிலும் துடிக்கும் காட்சிகள் நீளமானவை, பிள்ளை கேட்கக்கூடாதவை. தாய் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்த வீட்டில் இளைய பிள்ளைகள் இருந்தால் படத்துக்காகக் காத்திருக்காமல், அவர்களையும் தாயின் சகோதரிகளையும் பரிசோதிக்க வேண்டுமா என்று அடுத்த கிளினிக்கிலேயே கேட்கச் சொல்லுங்கள்.